முகம் கொடுக்காத முகப்படம்: யாழ்ப்பாணத்துக்கு எந்த வழி சரிவரும்?

எங்கள் படப்பிடிப்பு வட்டம் அடுத்த கண்காட்சிக்கு எடுத்திருக்கும் தலைப்பு, முகம் கொடுக்காத முகப்படங்கள். போர்ட்ரெயிட்தான், ஆனால் முகமறியும் மென்பொருளுக்குப் பிடிகொடுக்கக் கூடாது, சுவரில் பார்க்கிறவருக்குச் சிரிப்பும் வரவேண்டும். தலைப்பில் எல்லாருக்கும் உடன்பாடு. எப்படி எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கதை. ஒருவர் முகத்தில் நிறம் பூசுவோம் என்கிறார். இன்னொருவருக்கு முகமூடியில் ஆசை. கம்பியூட்டர் படிக்கிற தம்பி, "அண்ணை, ஒண்டும் பூசவும் வேண்டாம் கட்டவும் வேண்டாம், சொப்ட்வெயாருக்குள்ள போட்டு எடுத்தாச் சரி" என்கிறார். கூட்டத்தில் கத்தி முடிவெடுப்பதைவிட, ஒவ்வொன்றையும் எழுதிப் பார்ப்பது நல்லது என்று பட்டது. இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க்காரருக்கும் பயன்படலாம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளை நிரந்தரமாகப் பேய்க்காட்டும் வழி இந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை. அதனால் எது மெஷினை அதிகம் குழப்பும் என்பதை இரண்டாம் கேள்வியாகத்தான் வைக்கிறேன். நிற்கிறவர் தானே விரும்பி முகத்தை மறைக்கிறார் என்பது படத்தில் தெரிகிறதா என்பதே என் முதல் கேள்வி. மற்ற ஊர்களில் இந்தக் கேள்வி தேவைப்படாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் மூடிய முகத்துக்குப் பழைய கணக்கொன்று இருக்கிறது. முகமூடிப் பகுதியில் அதற்கு வருகிறேன்.

யாருடைய கண்ணுக்கு மறைக்கிறோம்?

மென்பொருள் செய்வது இரண்டு வேலை. முதலாவது, படத்துக்குள் முகம் எங்கே இருக்கிறது என்று தேடுவது. போனைத் திருப்பினவுடன் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் ஓடிவந்து நிற்கிறதே, அதுதான். இரண்டாவது, அந்த முகம் யாருடையது என்று சொல்வது. அதற்கு முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் வரிசைகளோடு ஒத்துப் பார்க்கிறது. கூகுள் 2015 இல் வெளியிட்ட பேஸ்நெற் ஒரு முகத்தை 128 எண்களாகச் சுருக்கியது. ஆராய்ச்சியாளர் எல்லாரும் பாவிக்கும் 13,233 படங்கள் கொண்ட பொதுத் தொகுப்பில் 99.63 சதவீதம் சரியாகச் சொன்னது.

படம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையைக் குழப்பிவிட்டு, இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். போனில் சதுரம் வரவில்லை என்றால் அந்தப் போனின் சின்ன மென்பொருளுக்கு முகம் அகப்படவில்லை, அவ்வளவுதான். அதே படத்தைப் பெரிய கணினியில் ஆறுதலாகத் தேடுகிற ஒன்றுக்கு அகப்படலாம். அதனால் எங்கள் சோதனை இரண்டு படி: முதலில் போன் சதுரம். பிறகு, முகங்களைக் குழுவாகச் சேர்க்கும் வசதியை கூகுள் போட்டோஸில் போட்டுவிட்டு, அதே ஆளின் சாதாரணப் படங்களோடு இதையும் சேர்க்கிறதா என்று பார்ப்பது. இதுவும் முழுச் சோதனை இல்லை. ஆனாலும் கையில் காசில்லாத வட்டத்துக்கு இதுதான் இயலும்.

அடுத்த கண் அயலவருடையது. சைக்கிளைக் கண்டே ஆளைச் சொல்லுகிற ஊர் இது. முகத்தை மூடிவிட்டு அதே கட்டம்போட்ட சேட்டோடு நின்றால், "இது இன்னாற்றை மகன்" என்று கண்காட்சி வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். மெஷினும் இந்தப் பழக்கத்தைப் படித்துவிட்டது. பேஸ்புக்கின் ஆராய்ச்சியாளர்கள் பங்கெடுத்து 2015 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முகம் நேரே தெரியாத படங்களையும் சேர்த்து, தலைமயிர், உடுப்பு, நிற்கிற விதம் எல்லாவற்றையும் வைத்து 83 சதவீதம் சரியாக ஆளைச் சொன்னார்கள். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் உடுப்பு மாற்றுவது கட்டாயம். ஒருவருடைய சேட்டை இன்னொருவர் போட்டுக்கொண்டு வரலாம். அதிலேயே பாதிப் பகிடி இருக்கிறது.

நிறம் பூசுவது

இணையத்தில் தேடினால் முதலில் வருவது இதுதான். அமெரிக்கக் கலைஞர் அடம் ஹார்வி 2010 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் தன் மேற்படிப்பு வேலையாகச் செய்த சிவி டசில். முதலாம் உலகப்போரில் கப்பல்களுக்கு அடித்த வரிக்கோலத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. 1917 இல் நோர்மன் வில்கின்சன் என்ற ஆங்கில ஓவியர் சொன்ன யோசனை அது: கடலில் கப்பலை ஒளிக்க முடியாது, ஆனால் கோணல்மாணலாக நிறம் அடித்தால் அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்று நீர்மூழ்கிக்காரர் கணிக்க முடியாமல் திண்டாடுவார். ஹார்வி அதையே முகத்துக்குச் செய்தார். ஒரு கன்னத்தில் மட்டும் கறுப்புத் துண்டு, மூக்குத்தண்டுக்கு மேலே விழுகிற மயிர்க்கற்றை. குழந்தையின் ஒரு கன்னத்தில் பெரிய கறுத்தப் பொட்டை வைத்து நாவூறுக்கு வழி பண்ணுகிற அம்மம்மாரின் வேலைதான்.

அந்தக் காலத்தில் அது வேலையும் செய்தது. 2001 இல் வந்த வயோலா–ஜோன்ஸ் முறைதான் அப்போது எங்கும் பாவனையில் இருந்தது. கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருட்டு, மூக்குத்தண்டு இரண்டு கண்ணையும்விட வெளிச்சம்: இப்படி இருட்டும் வெளிச்சமுமான பெட்டிகளைத்தான் அது தேடும். அந்த ஒழுங்கைக் கெடுத்தால் அதற்கு முகம் இல்லை. 2014 அளவில் ஆழ்கற்றல் முறைகள் வந்து இந்தக் கதையை முடித்துவிட்டன. அவை பெட்டிகளைத் தேடுவதில்லை. லட்சக்கணக்கான படங்களிலிருந்து முகத்தைத் தாங்களே படித்துக்கொண்டவை. தன் வடிவங்கள் அந்தப் பழைய முறைக்காகச் செய்தவை, புதியவற்றுக்குப் பொருந்தாது என்று ஹார்வியே சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் அவர் படங்களைப் பார்த்துப் பூசிக்கொண்டு நிற்கிறவர்கள் மெஷினுக்கும் தெரிகிறார்கள், சந்தியில் நிற்கிற எல்லாருக்கும் இரட்டிப்பாகத் தெரிகிறார்கள்.

எங்கள் வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். சித்திரை வைகாசியில் மணற்காட்டிலோ கசூரினாக் கடற்கரையிலோ வைத்துப் பூசினால், லைற் பிடிக்கிறவர் குடையை நிமிர்த்தமுதல் நாடிவழியே ஒழுகும். மேடைக்குப் பூசத் தெரிந்த கூத்து ஒப்பனைக்காரர் கிடைத்தால் மட்டும் ஒரு படம் செய்யலாம் என்பேன். முத்துவெள்ளையும் கண்மையும் போட்டு, பாதி முகம் ராசா, பாதி முகம் ஆள். மெஷினை வெல்ல அல்ல. ஹார்வியின் பழைய வேலைக்கு எங்கள் பக்கத்து வணக்கமாக. சுவருக்கு அடிக்கும் பெயின்ரையும் பள்ளிக்கூட வர்ணத்தையும் முகத்தில் போட யாரையும் விடாதீர்கள்.

இடையில் ஒருவர், "எங்கட நிறத்தை மெஷின் ஒழுங்காப் பிடிக்காது தானே, அதுவே எங்களுக்கு மறைப்பு" என்றார். ஜோய் புவொலம்வினியும் ரிம்னிற் கெப்ருவும் 2018 இல் காட்டிய விசயத்தை அரைகுறையாகக் கேட்டதன் விளைவு இது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களில் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கறுத்தத் தோல் பெண்களில் 34.7 சதவீதம் வரை போனது. அதை மறைப்பு என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. பிழையாகப் பிடிக்கிற மெஷின் உங்களை விட்டுவிடுவதில்லை. வேறு ஒருவர் என்று சொல்லிப் பிடிக்கும். ஆளை மாறிப் பிடித்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

முகமூடி: கட்டுவதும் பிடிப்பதும்

பகிடிக்கு இதைவிடச் சரக்குள்ள வழி கிடையாது. சிக்கலும் இதில்தான் கூட.

லியோ செல்வாஜியோ என்ற அமெரிக்கக் கலைஞர் 2014 இல் தன் முகத்தையே அச்சாக்கி, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு கமராவுக்கு முன்னால் போகலாம் என்று விட்டார். எல்லாரும் லியோ என்றால் லியோவைக் கண்டுபிடித்து என்ன பயன்? சாக் பிளாஸ் 2011 முதல் 2014 வரை செய்த முகமூடிகள் வேறு வகை. பலருடைய முக அளவுகளை ஒன்றாகக் குழைத்து, முகமே இல்லாத ஒரு குமிழ் உருவமாக்கினார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2016 இல் நிறக்கோலம் அச்சடித்த ஒரு கண்ணாடிச் சட்டத்தைப் போட்டுக்கொண்டு, ஆராய்ச்சியாளர் ஒருவரை நடிகை மிலா ஜோவோவிச் என்று மெஷினையே சொல்லவைத்தார்கள். அந்தக் கோலம் அந்த மென்பொருளைக் குறிவைத்துக் கணக்குப் பார்த்துச் செய்தது. கடையில் வாங்கும் பூப்போட்ட கண்ணாடிக்கு அந்தச் சக்தி இல்லை.

இவற்றில் செல்வாஜியோவின் யோசனையை எங்கள் குடும்பப் படத்துக்குள் கொண்டுவர எனக்கு ஆசை. கதிரையில் அம்மம்மா. சுற்றி நிற்கிற மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அம்மம்மாவின் முகம். பக்கத்து கொமினிக்கேசன் கடையில் ஏ4 அளவில் நிறப்பிரதி எடுத்து மட்டையில் ஒட்டினால் போதும். ஏழு வயதுப் பேரனின் காற்சட்டைக்கு மேலே அம்மம்மாவின் மூக்குத்தி. சிரிக்காமல் இருக்க முடியாது. கூகுள் போட்டோஸ் இதை என்ன செய்யும்? அச்சடித்த முகமும் அதற்கு முகம்தான். ஒரே படத்தில் அம்மம்மாவைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கும். மற்றவர்கள் தப்பிவிடுவார்கள், அம்மம்மாவைத்தான் கொடுத்திருக்கிறோம். அதை அவருக்கு விளங்கப்படுத்திச் சம்மதம் கேட்கவேண்டும். "நான் இனி எங்க போகப்போறன், பிடிச்சா பிடிக்கட்டும்" என்று சொல்லுகிற அம்மம்மார் நிறைய உண்டு. சொல்லாதவர் என்றால் விட்டுவிடவேண்டும்.

இப்போது அந்தப் பழைய கணக்கு. இந்தியப் படை நின்ற 1987 முதல் 1990 வரையான காலத்திலும், 1996 க்குப் பிறகு இலங்கை ராணுவக் காலத்திலும் இங்கே சுற்றிவளைப்பு என்றால் என்ன நடக்கும் என்று நாற்பது வயது தாண்டியவர்களிடம் கேளுங்கள். ஊரைப் பள்ளிக்கூட மைதானத்துக்கோ கோயில் வீதிக்கோ கூட்டிவந்து வரிசையில் விடுவார்கள். வரிசை ஒவ்வொருவராக, படைக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டிக்கு முன்னால் போகும். சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அந்தத் தலை ஆடினால் ஆளைப் பிரித்துக் கொண்டுபோவார்கள். முகத்தைக் காட்டி நிற்கிறவர் நாங்கள், முகத்தை மூடிக்கொண்டு ஆளை இனங்காட்டுகிறவர் அவர். முகமறியும் மெஷின் என்று இப்போது சொல்வதை இந்த ஊர் மெஷின் இல்லாமலேயே பார்த்துவிட்டது.

ஆகவே கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் இழுத்துக் கட்டிய எந்த முகமூடியும் எங்கள் சுவரில் சிரிப்பை வரவழைக்காது. இளம்பெடியளுக்கு அது பகிடியாகப் படலாம். அவர்களுடைய பெரியப்பாவுக்குப் படாது. சாக்கு, துணி, ஓட்டைபோட்ட மட்டை மூன்றையும் நான் முழுதாக வெட்டிவிடுகிறேன். கறுப்புத் துணியால் முகத்தை முழுக்க மூடி "வேசம்" போடுவதையும் சேர்த்துத்தான். 2019 ஏப்ரல் 29 ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவதைத் தடைசெய்தபோது அந்தத் தடையின் பாரத்தைச் சுமந்தவர்கள் முஸ்லிம் பெண்கள். அவர்களுடைய உடுப்பு எங்கள் விளையாட்டுப் பொருள் ஆகக் கூடாது.

கையில் பிடிப்பது வேறு கதை. அதே அம்மம்மா முகத்தை ஒரு ஈர்க்குக் கட்டிலோ விசிறிக் காம்பிலோ ஒட்டி, நிற்கிறவரே கையால் முகத்துக்கு நேரே பிடித்தால், விரல் தெரியும், முழங்கை தெரியும், கொஞ்சம் சரிந்தால் காது தெரியும். எப்ப வேண்டுமானாலும் அவர் அதை இறக்கிவிடலாம் என்பது பார்க்கிறவருக்கு விளங்கும். கட்டிய முகமூடியில் இந்தச் சுதந்திரம் தெரியாது. கண் ஓட்டையும் தேவையில்லை. படம் எடுக்கும் அந்த ஒரு நொடிக்கு அவர் பார்க்கத் தேவையில்லையே.

இதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அச்சடித்த முகத்தைக் கையில் பிடித்து நிற்பது வடக்கில் இன்னொரு காட்சியும்கூட. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டத்தில், வீதியோரத்தில் இருக்கிற தாய்மாரின் கையில் இருப்பதும் ஒரு முகப்படம்தான். நாங்கள் முகத்தை மறைக்க வழி தேடும்போது, அவர்கள் ஒரு முகத்தை யாராவது கண்டுபிடிக்கமாட்டார்களா என்று தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் காட்சியை எங்கள் பகிடி தொடக்கூடாது. அதற்கு நான் சொல்லும் விதி ஒன்று: அச்சடித்த முகத்துக்குரியவர் உயிரோடு, அதே படத்துக்குள், நடுவில் இருக்கவேண்டும். படத்தில் இல்லாத ஒருவரின் முகத்தை யாரும் பிடிக்கக் கூடாது. நெஞ்சுக்கு நேரே பிடிக்கவும் கூடாது.

வீட்டுச் சாமான்

செலவில்லாதது, வெயிலுக்குத் தாங்கும், கையில் பிடிக்கலாம். என் வாக்கு இதற்கு.

எதை மறைத்தால் மெஷினுக்குச் சங்கடம் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். கொரோனாக் காலத்தில், 2020 யூலையில், அமெரிக்காவின் நிஸ்ற் என்ற அரச தரநிர்ணய நிறுவனம் மூக்கையும் வாயையும் மூடிய முகங்களில் 89 மென்பொருள்களைச் சோதித்தது. அவற்றின் பிழை 5 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. அதே வருடத்திலேயே புதிதாக வந்தவை முன்னேறிவிட்டன. வாயை மறைத்தாலும் கண்ணும் புருவமும் நெற்றியும் மிச்சம். மெஷினுக்கு அது போதுமாக இருக்கிறது. ஆகவே எங்கள் ஆட்கள் கண்ணையும் மூக்குத்தண்டையும் மறைக்கவேண்டும், சிரிக்கிற வாயை வெளியே விடவேண்டும். போர்ட்ரெயிட்டுக்கும் அதுதான் நல்லது. கண் இல்லாத படத்தில் சிரிப்புத்தான் ஆளைச் சொல்லும்.

இடியப்பத் தட்டு இதற்கென்றே செய்ததுபோல் அளவு. ஒன்றை எடுத்து வெயில் முன்பக்கத்திலிருந்து விழும்படி முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், பின்னலின் ஓட்டைகள் நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சப் பொட்டுகளாக விழும். இன்னும் கிட்டக் கொண்டுபோனால் பொட்டுகள் கூர்மையாகி வலையாகும். தள்ளினால் ஒன்றோடொன்று கரைந்து தோலில் ஒரு மங்கல் மட்டும் மிஞ்சும். போன் சதுரம் இந்த இடையில்தான் தத்தளிக்கும்: வரும், போகும், சிலவேளை தட்டையே சுற்றிக்கொண்டு நிற்கும். அந்தத் தத்தளிப்பை ஸ்கிரீன்சொட் எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், விளக்கம் எழுதத் தேவையில்லை. இரண்டு கண்ணுக்கும் இரண்டு தட்டைப் பிடித்தால் பெரிய கண்ணாடி போட்ட விஞ்ஞானி.

நுங்குக் காலம் என்றால் இன்னும் விசேசம். சீவிய நுங்கின் மேல்முகத்தில் மூன்று கண். அதைத் தன் கண்ணுக்கு முன்னால் பிடித்து நிற்கிற ஆளுக்கு மூன்று கண். கீழே வாய் மட்டும் அவருடையது. தோட்டப்பக்கம் போனால் வெருளி. சட்டியில் கண்ணும் மீசையும் கீறிய வெருளிகளுக்கு நடுவில் ஆள் சட்டியைப் பிடித்து நின்றால், மெஷின் எதை முகம் என்று எடுக்கும் என்பதே விளையாட்டு. ஹார்வி 2017 இல் துணிகளுக்குச் செய்த ஹைப்பர்பேஸ் என்ற கோலம் இந்தத் தத்துவம்தான்: உண்மை முகத்தை ஒளிக்காதே, பொய் முகங்களை நிறையக் கொடு.

பட்டம் கட்டும் ரிசுத்தாளையும் சொல்லவேண்டும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுகிறவர்களிடம் மிஞ்சின தாளும் மூங்கில் சிலாகையும் கிடைக்கும். பட்டத்துக்குப் பின்னால் ஆள், அவருக்குப் பின்னால் பின்னேர வெயில். தாளில் நிழலுருவம் மட்டும். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. ஆனால் பக்கவாட்டு நிழலில் மூக்கைப் பார்த்தே அயலவர் ஆளைச் சொல்லிவிடுவார்கள். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பது மெஷின் மட்டும்தான் என்றால் இதை எடுக்கலாம்.

அடையாள அட்டைப் படத்தைத் தலைகீழாக்குவது

எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் எல்லாருக்கும் இது கைவந்த பாடம். கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அவர்கள்தான். சிரிக்காதே, வாயை மூடு, கண்ணைத் திற, தலையைச் சரிக்காதே, நிழல் விழக் கூடாது, மூக்குக் கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கக் கூடாது. இவ்வளவும் ஏன் கூடாது? மெஷின் ஒத்துப் பார்க்கக் கஷ்டம் என்பதால். அப்படியானால் எங்களுக்குத் தேவையான செய்முறையை அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள். கூடாது என்ற ஒவ்வொன்றையும் ஒரு படத்தில் செய்வோம். அதே நீலத் திரை, அதே முக்காலி, அதே மாமாவின் ஸ்ரூடியோ.

இவற்றுள் கூடிய பலன் தருவது அசைவு. இரவில் ஒரு பல்பு வெளிச்சத்தில் ஷட்டரை அரைச் செக்கன் திறந்து வைத்து, தலையை ஆட்டச் சொல்லவேண்டும். தோள் கூர்மையாக இருக்கும், முகம் இழுபட்டுப் போகும். கமராவுக்குள்ளேயே அழிந்த விபரம் திரும்பி வராது. எடுத்து முடித்த தெளிவான படத்தைப் பிறகு கணினியில் மங்கலாக்குவது இதற்கு ஈடாகாது. மங்கலாக்கின, கட்டம்கட்டமாக்கின முகங்களையும் பயிற்றப்பட்ட மென்பொருள் இனங்காணும் என்று 2016 இலேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். தலையை எப்படி ஆட்டுவது? இடமும் வலமும், இல்லை என்று சொல்வதுபோல. அப்படி ஆட்டினால் இரண்டு கண்ணும் ஒரே பட்டையாகும், படமும் நன்றாக வரும். மேலும் கீழும் ஆட்டவேண்டாம். அதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

லொறிப் பின்பக்கத்துக்கு ஒட்டும் ரிப்ளெக்டர் ஸ்டிக்கரும் மலிவு வித்தைதான். கண்ணாடிச் சட்டத்தில் வெட்டி ஒட்டி, கமராவில் பூட்டிய பிளாஷால் நேரே அடித்தால், வந்த வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பி அனுப்பும். கண் இருந்த இடத்தில் வெள்ளைத் தீ. பிளாஷைக் கமராவிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காது.

மென்பொருளால் மறைப்பது

தம்பி சொன்னது சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2020 இல் விட்ட ஃபோக்ஸ். எங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் படத்தின் புள்ளிகளை மாற்றி, அந்தப் படங்களைப் படிக்கிற மெஷின் உங்களைப் பிழையாகப் பழகும்படி செய்கிறது. யோசனை கெட்டித்தனமானது. ஆனால் மெஷின் இந்தப் படங்களிலிருந்து மட்டும் உங்களைப் பழகினால்தான் பலிக்கும். உங்கள் சாமத்திய வீட்டு அல்பம் முழுக்கப் பேஸ்புக்கில் கிடக்கிறபோது எங்கே பலிக்க? ஒருமுறை வெளியே போன படத்தை மாற்றமுடியாது, பின்னால் வருகிற மெஷின் முந்தைய வித்தையைத் தாண்டிவிடும் என்று 2021 இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் காட்டியும்விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில் தொங்கும்போது அது ஒரு சாதாரணப் படம். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. இணையத்தில் போடும் பிரதிகளுக்குத் தம்பி பாவிக்கட்டும், நட்டமில்லை.

கேற் கமராவுக்கு முன்னால்

இதை யாரும் சொல்லவில்லை, நான்தான் சேர்க்கிறேன். இப்போது எத்தனை வீட்டுக் கேற்றில் சி.சி.ரி.வி இருக்கிறது! பூட்டினவர் ரொறொன்ரோவில் அல்லது லண்டனில் இருக்கிற மகன். அங்கே நித்திரை வராத சாமத்தில் போனில் பார்த்துவிட்டு, "அம்மா, கேற்றடியில நிக்கிறது ஆர்?" என்று எடுப்பார். இவ்வளவு பாசமான கண்காணிப்பு வேறெங்கும் இருக்குமோ தெரியாது. அந்தக் கமராவையே எங்கள் கமராவாக்கலாம். அம்மாவும் அப்பாவும் மாறி உடுத்துக்கொண்டு, இடியப்பத் தட்டைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் கேற்றுக்கு வெளியே நின்று மணி அடிக்கவேண்டியது. ரொறொன்ரோவில் மகன் அதைப் பார்த்து ஸ்கிரீன்சொட் எடுக்கவேண்டியது. திகதியும் நேரமும் மூலையில் அப்படியே இருக்கட்டும்.

இரவில் எடுத்தால் இந்தக் கமராக்கள் அகச்சிவப்பு விளக்கில் கறுப்பு வெள்ளையாகப் பார்க்கும். ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் கண்ணாடி அங்கே தனி வேடிக்கை, ஏனென்றால் அந்த விளக்கு லென்சைச் சுற்றியே இருக்கிறது. தோக்கியோவில் இசாவோ எச்சிசென் 2012 அளவில் அகச்சிவப்பு விளக்குகள் பூட்டிய கண்ணாடி செய்ததும் கமராவின் இந்தக் கண்ணைக் குறிவைத்துத்தான். பகலில் நல்ல கமராக்கள் அகச்சிவப்பை வடித்துவிடும், அதனால் இது இரவு வித்தை. வேறு ஒருவருடைய கடைக் கமராவிலோ வீதிக் கமராவிலோ இதைச் செய்யப் போகாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடியோடு சாமத்தில் நிற்பதற்குப் பொலிசாரிடம் விளக்கம் சொல்லும் பகிடி யாருக்கும் வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஒழுகும் ஓட்டை

முகத்தை மறைத்துவிட்டு, படத்துக்குக் கீழே ஆளின் பெயரை ராக் பண்ணினால் எல்லா வேலையும் வீண். கிளியர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம் இணையத்திலிருந்து 300 கோடிக்கு மேல் படங்களை அள்ளி வைத்திருப்பது 2020 சனவரியில் வெளியே வந்தது. அள்ளினவை இணையத்தில் எல்லாரும் பார்க்கக் கிடந்த படங்கள். பேஸ்புக் 2021 நவம்பரில் தன் முகமறியும் வசதியை நிறுத்தி நூறு கோடிக்கு மேலான முகவரைவுகளை அழிப்பதாக அறிவித்தது. படங்களும் பெயர்களும் அங்கேயே இருக்கின்றன. ஆகவே கண்காட்சிச் சுவரிலும் இணையத்திலும் பெயர் வேண்டாம். படத்தோடு ஒட்டியிருக்கும் இடம், நேர விபரங்களை அழித்துவிட்டுப் போடவேண்டும். ஒத்திகைக்கு எடுத்த திறந்த முகப் படங்கள் யாருடைய போனிலும் கிடக்கக் கூடாது.

இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் முகம், கைரேகை போன்ற உடலடையாளத் தரவுகளை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. எங்களைப் போன்ற சின்ன வட்டத்தை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனாலும் எழுத்தில் சம்மதம் வாங்குவது, கேட்டால் படத்தை இறக்கிவிடுவது இரண்டையும் பழக்கமாக்கலாம். சிறுபிள்ளைகள் என்றால் பெற்றோரிடம் மட்டும் கேட்டால் போதாது, பிள்ளையிடமும் கேட்கவேண்டும்.

வாக்கெடுப்புக்கு நான் வைப்பது

சுவரின் பெரும்பகுதி வீட்டுச் சாமானுக்கு. நடுவில் பெரிதாக ஒரே ஓர் அம்மம்மா குடும்பப் படம், கையில் பிடித்த முகங்களோடு. ஒரு மூலையில் ஸ்ரூடியோத் தலைகீழ்ப் படங்கள், நீலத் திரையோடு. கேற் கமரா ஸ்கிரீன்சொட்டுகளைச் சின்ன அளவில் வாசலில். நிறம் பூசுவதில் ஒன்று, ஒப்பனைக்காரர் கிடைத்தால். தலையில் கட்டும் எதுவும் இல்லை. முகமூடிக்காரர் கோபிப்பார், ஒட்டுவதற்கு மட்டை வெட்டும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டால் சமாதானமாவார் என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் இருக்கிற இடியப்பத் தட்டுகளைக் கொண்டுவாருங்கள். பழைய பிரம்புத் தட்டு என்றால் நல்லது, ஓட்டை ஒழுங்கில்லாமல் இருப்பதால் நிழலும் ஒழுங்கில்லாமல் விழும். பிளாஸ்ரிக் தட்டும் பரவாயில்லை. சிவப்பு மட்டும் வேண்டாம், முகமெல்லாம் சிவப்படிக்கும். அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள், அதுவும் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு.